கீறல் விழுந்த எழுத்து

இதற்கு முந்தைய அத்தியாயங்களில் நான் உருப்படியாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே புதிதாக நுழைகிறவர்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை, தைரியமாக உட்காரலாம். என் பெயர் வெண்டல் கிராட்ஸ். ஒஹையோவில், ஏரிக்கரையோரம் ஸ்டோன்லிக் என்ற ஊரில் துப்பறியும் தொழில் செய்கிறேன். தொழில் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் உதவியாளர் ஒடெஸ்ஸா ப்ரூவிட் அதைப் பொழுதுபோக்கு என்கிறாள்.

அன்று காலை நாங்கள் இருவரும் லோர்னா வெஸலியின் சமையலறையில் இருந்தோம். லோர்னாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, விரல் நுனிகளில் அழியாத கறுப்பு மை. இருபது வருடம் ஊறுகாய் ஜாடிக்கும் தயிர் டப்பாவுக்கும் எழுத்து வரைந்தவர். ஜாடியை எல்லோரும் பார்த்தார்கள், வரைந்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை. கடைசியில் தனக்கென்று ஒரு எழுத்துரு செய்தார். ஊசி போல ஒல்லி, பழைய மாதாகோவில் ஜன்னல் போல உயரம், உடம்பெல்லாம் கீறலும் சிராய்ப்பும். பேய்க் கதைப் புத்தகங்களின் அட்டையில் போடுவதற்கென்றே பிறந்த எழுத்து. அதற்குக் ‘காய்ந்த எலும்பு’ என்று பெயர் வைத்தார். அந்த எழுத்தில் சலவைக் கணக்கை எழுதினால்கூடப் படிக்கிறவன் விளக்கை அணைக்காமல்தான் தூங்குவான்.

டொராண்டோவில் ஒரு படக் கம்பெனி தன் புதிய திகில் படத்தின் தலைப்புக்கு இதைக் கேட்டது. திரையில் தனியாக ஒரு வரி வரும்: ‘எழுத்து: லோர்னா வெஸலி’. இருபது வருட ஊறுகாய்க்குப் பிறகு முதல் தடவையாக ஊர் உலகம் பார்க்க அவர் பெயர்.

அங்கேதான் ஆர்வில் ஸ்டக்கி குறுக்கே வந்தார். ஊருக்கு வெளியே பழைய தானியக் கொட்டகையில் அக்டோபர் மாதம் முழுக்கப் பேய் வீடு நடத்துகிறவர். இந்த எழுத்து தன் கொள்ளுத்தாத்தாவின் அச்சகத்தில் மரத்தில் செதுக்கியது, லோர்னா திருடிவிட்டார் என்று சொல்லிவிட்டார். அத்தாட்சியாக 1911ஆம் வருடத்து சர்க்கஸ் போஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் அதே ஒல்லி எழுத்து, அதே கீறல்கள். போதாததற்கு லோர்னா ஒருமுறை அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். அந்த வட்டாரத்தில் போகாதவர் யார்? ஆனால் இணையத்தில் கூடிக் கும்மியடிக்கிறவர்களுக்கு அது போதும். ஒரு வாரமாக அவரைத் திருடி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் படக் கம்பெனியிலிருந்து இமோஜென் ராஸ்க் என்ற அம்மா கொட்டகைக்கு வந்து போஸ்டரைப் பார்க்கப் போகிறார். அது நிஜம் என்று பட்டால் திரையில் ஸ்டக்கியின் கொள்ளுத்தாத்தா பெயர் வரும். லோர்னாவுக்குத் திருடி என்ற பெயர்தான் மிஞ்சும்.

“பணம் போனாப் போகட்டும். என் கை வேலைய இன்னொருத்தர் வேலைன்னு சொல்றாங்களே, அதத்தான் தாங்க முடியல” என்றார் லோர்னா.

நான் ஆறுதல் சொன்னேன். மனிதர் என்ன, மிருகம் என்ன, முகத்தைப் பார்த்தாலே உள்ளே இருப்பது எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லி, அதற்கு நிரூபணமாக மேசை மேல் படுத்திருந்த பூனையைத் தடவினேன். ஆரஞ்சு நிறத்தில் கொழுத்த பூனை, பெயர் பிரெட்ஸல். அது முகத்தைக் காட்டவில்லை, நகத்தைக் காட்டியது. என் வலது புறங்கையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. இரண்டு கோடு, ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு கோடு.

“பாஸ், மூணே கோடுதான். அணிலுக்கு முதுகுல, உங்களுக்குக் கைல” என்றாள் ஒடெஸ்ஸா.

குட்டியாக இருக்கும்போது வலைக்கதவில் மாட்டி பிரெட்ஸலுக்கு ஒரு நகம் போய்விட்டது, அதனால்தான் நாலுக்கு மூன்று என்று லோர்னா மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். நகம் முழுசாக இல்லாத பூனையிடமே இவ்வளவு வாங்கியவன் என்ற பெருமையோடு நான் அயோடின் தேடிக் குளியலறைக்குப் போனேன். நான் இல்லாதபோது லோர்னா ஒடெஸ்ஸாவிடம் இந்த எழுத்து எப்படிச் செய்வது என்று விளக்கிக்கொண்டிருந்தார். முக்கியமான விஷயம்தான். குழாய்ச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை.

கையில் கட்டோடு திரும்பி வந்தபோது மேசையில் இரண்டு பெரிய தாள்கள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஏ முதல் இசட் வரை, வரிசையாக, விரல் உயரத்துக்குக் கறுப்பு மையில் எழுத்துகள். மை காய்வதற்கு முன்பும் பின்பும் தையல் ஊசியாலும், பல் வைத்தியர் வைத்திருக்கும் கொக்கியாலும் ஒவ்வொரு கீறலையும் லோர்னா போட்டாராம். அப்புறம் தாளைக் கணினியில் ஏற்றினால் எழுத்துரு. அழகான, பொறுமையான, சின்னச் சின்னக் கீறல்கள். கிழிந்த சட்டையைத் தைப்பது போல அக்கறையாகக் கிழித்திருந்தார்.

“மூணு தாள்னு சொன்னீங்களே, மூணாவது?” என்று ஒடெஸ்ஸா கேட்டாள்.

“அது இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்.” லோர்னா இதைச் சர்க்கரைக் கிண்ணத்திடம் சொன்னார்.

படக்காரர்களுக்கு இதில் எந்த எழுத்து ரொம்பப் பிடித்தது என்று ஒடெஸ்ஸா அடுத்துக் கேட்டாள். ‘ஓ’ என்றார் லோர்னா. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய விஷயம். பல்வலிக்காரர் போலச் சொன்னார்.

கொட்டகைக்கு லோர்னா தன் வண்டியில் முன்னால் போனார். நாங்கள் என் காரில் பின்னால் போனோம். ஒடெஸ்ஸா ஓட்டினாள். என் கார் கதவு உள்ளிருந்து திறக்காது, கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். குற்றவாளியை ஓடிப் பிடிக்கும் சந்தர்ப்பம் எனக்கு இதுவரை வாய்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

“அந்தம்மா எதையோ மறைக்கிறாங்க. மூணாவது தாள் எங்க? ஒரு வேளை நிஜமாவே திருடியிருப்பாங்களோ?” என்றேன்.

“மறைக்கிறாங்கதான். ஆனா என்னன்னு உங்களுக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியுமோ?”

“எனக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும். அதான் பாஸ் நமக்குள்ள வித்தியாசம்.”

பேய் வீட்டைப் பகலில் பார்க்கக் கூடாது. கட்டிய தாலியை விற்றுக் குடித்தவன் முகம் மாதிரி இருந்தது. கூரையில் தொங்கிய எலும்புக்கூடுகளுக்கு நடுவே யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். வாசலில் ரத்தக் காட்டேரி வேஷக்காரர் ஒருவர், பாதி முகத்துக்கு மட்டும் வெள்ளை பூசிக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து கோழி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோரைப்பல்லைக் கழற்றி முழங்கால் மேல் வைத்திருந்தார்.

உள்ளே சிற்றுண்டிக் கூடத்தில் ராஸ்க் அம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியவர், அதிகம் பேசாதவர். ஸ்டக்கி அவர் முன்னால் சூடான ஆப்பிள் சைடரும் டோநட்டும் வைத்து உபசாரம் செய்துகொண்டிருந்தார். பெரிய மனிதர், பெரிய மீசை, கல்யாண வீட்டுப் பெண்ணின் அப்பா போல எல்லோரையும் வாங்க வாங்க என்றார். லோர்னாவையும் என்றார். அதுதான் எனக்கு எரிந்தது.

போஸ்டர் சுவரில் கண்ணாடிக்குள் இருந்தது. ‘ஃபேன்டம் சர்க்கஸ், ஒன் நைட்’ (PHANTOM CIRCUS, ONE NIGHT) என்று ஒல்லியான எழுத்துகள் நெடுநெடுவென்று நின்றன. பழுப்பேறிய தாள். ஸ்டக்கி கண்ணாடியைத் திறந்து என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மோந்துகூடப் பார்க்கலாம் என்றார். மோந்தேன். பழைய வாசனை. தடவினேன். மரம் அழுந்திய பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. அந்த எழுத்துகளின் மரக்கட்டைகள் ஒரு தீ விபத்தில் போய்விட்டனவாம். மிச்சம் இந்தப் போஸ்டர் ஒன்றுதான்.

அப்போது எனக்கு மண்டைக்குள் பல்ப் எரிந்தது. இந்த மாதிரி எரியும்போதெல்லாம் ஏதாவது தீப்பிடிக்கும் என்பது பழைய அனுபவம், ஆனாலும் மனம் கேட்கவில்லை. ராஸ்க் அம்மாவின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கணினி எழுத்துக்கும் மர எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். மரக்கட்டை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காயம் இருக்கும். கணினி என்றால் ‘என்’ எங்கே வந்தாலும் ஒரே ‘என்’, ஒரே கீறல். இந்தப் போஸ்டரில் ‘என்’ மூன்று தடவை வருகிறது. மூன்றும் ஒன்று போல இருந்தால் இது நேற்று செய்த மோசடி, வேறு வேறாக இருந்தால் நிஜம் என்று சொல்லி, பாருங்கள் என்று கையை நீட்டினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தன.

ஸ்டக்கி சிரிக்கவில்லை. எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். சிரித்திருந்தால் தேவலை.

“மிஸ்டர் கிராட்ஸ்” என்று லோர்னா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், “காலைல சொன்னேனே. மூணு தாள், ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு உருவம். அடிக்க அடிக்க அதுவா மாத்தி மாத்திப் போடும். ஒரே கீறல் திரும்பத் திரும்ப வந்தா ஜனங்க கண்டுபிடிச்சுடுவாங்கன்னுதான் அப்படிச் செய்யறது.”

அயோடின் தேடிய நேரத்தில் நான் தொலைத்தது இதுதான். வேறு வேறாக இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. ஆனால் வேறாக இருந்தால் நிஜம் என்று வாய் கிழியச் சொன்னது யார்? லோர்னா கூட்டிவந்த துப்பறிவாளன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். லோர்னா என் காசில் வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும், அதுவரை அவர் எனக்கு எதுவும் தரவில்லை.

ராஸ்க் அம்மா டோநட்டை ஒரு கடி கடித்தார். “உங்க ஆளே சொல்லிட்டாரு லோர்னா. இதக் குடிச்சு முடிச்சுட்டு டொராண்டோவுக்குப் பேசறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. லோர்னா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் தோற்பது பழகிப்போனது. என்னால் இன்னொருவர் தோற்பது அப்படிப் பழகவில்லை.

ஒடெஸ்ஸா மட்டும் போஸ்டர் முன்னால் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். எந்த எழுத்தும் நாலாவது தடவை வராத போஸ்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாலாவது வந்திருந்தால் முதலாவதைப் போலவே இருந்திருக்கும், போஸ்டர் செய்தவர் சமர்த்து என்றாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். மறுபடி போஸ்டரைப் பார்த்தாள். நேரே ராஸ்க் அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்து, அவர் தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தைக் கேட்டாள்.

ஸ்டக்கி வியாபாரி. போஸ்டரை அப்படியே அச்சடித்து சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதமாக, கோப்பையாக, பனியனாக எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். ராஸ்க் அம்மா தட்டை நகர்த்தினார். ஒடெஸ்ஸா சர்க்கரைத் தூளை ஊதிவிட்டு, ‘ஃபேன்டம்’ என்ற வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கிழிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஏழு துண்டு கிழித்தாள். அதில் மூன்றை ஓரமாக ஒதுக்கினாள். மிச்சம் நாலையும், எம், என், ஓ, பி என்று ஏபிசிடி வரிசைப்படி ஒட்ட வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ராஸ்க் அம்மா கடித்த டோநட்டை மெல்லாமல் வைத்திருந்தார். எம்மின் கடைசிக் காலில் தொடங்கிய மூன்று கோட்டுக் கீறல், ‘என்’னை ஊடுருவி, ஓவின் வயிற்றைக் கிழித்து, பியின் பாதத்தில் போய் முடிந்தது. ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. ஒரே இழுப்பு.

“போஸ்டர்ல இந்த நாலும் கலைஞ்சு கிடக்கு, அதனால தெரியல” என்றாள் ஒடெஸ்ஸா. “ஆனா கீறல் விழுந்தப்போ நாலும் பக்கத்துப் பக்கத்துல வரிசையா இருந்திருக்கு. இவங்க தாள்ல எழுத்து எல்லாம் அப்படித்தான் இருக்கும். நாங்க காலைல பாத்தோம்.”

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஸ்டக்கி மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் அதே உபசாரக் குரலில், என்னோடு வாருங்கள் என்று எங்களை மூலையில் இருந்த பழைய மரப்பெட்டிக்கு அழைத்துப் போனார். இழுப்பறையை இழுத்தார். உள்ளே தடித்தடியான மர எழுத்துகள், வேறு ஜாதி, தீயில் தப்பியவை. எல்லாம் முகம் மேலே தெரிய நிமிர்ந்து, ஏ முதல் இசட் வரை வரிசையாக அடுக்கியிருந்தன.

“எங்க கொள்ளுத்தாத்தா வெச்ச மாதிரியே வெச்சிருக்கேன். எல்லாப் பெட்டியும் இப்படித்தான், இடதுலேருந்து வலதா, ஏபிசிடி வரிசை. பெட்டிக்குள்ள ஏதோ ஆணி விழுந்து இழுத்திருக்கும். நாலு மரத்துலயும் சேந்தாப்பல கீறல். நூறு வருஷம் முந்தி விழுந்த கீறல் ஒட்டுறதுல என்ன அதிசயம்?”

நியாயமாகத்தான் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். ஒடெஸ்ஸா என் காலை மிதித்தாள்.

“இடதுலேருந்து வலதா. நல்லாத் தெரியுமா சார்?” என்று அவள் ஸ்டக்கியைக் கேட்டாள்.

“கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அவரு பெட்டியில கை வெச்சு வளந்தவன் நான்.”

ஒடெஸ்ஸா வாசலுக்குப் போய் ரத்தக் காட்டேரியிடம் வேஷம் போடும் கைக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்தாள். அவரும் சாண்ட்விச்சோடு பின்னாலேயே வந்தார். காட்டேரிக்குக் கண்ணாடியில் பிம்பம் விழாது என்பார்கள், இவர் முகம் நன்றாகவே தெரிந்தது. அவருடைய தொழில் மரியாதைக்காக நான் அதைக் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

ஒட்டிவைத்த நாலு துண்டுகளையும் ஒடெஸ்ஸா ஒரு அட்டை மேல் வைத்துக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். இழுப்பறையில் இருந்த ஒரு மரக்கட்டையைக் காட்டி, இது ஏன் திரும்பி நிற்கிறது என்று என்னைக் கேட்டாள். மர எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித்தான் இருக்கும், அப்போதுதான் தாளில் நேராக விழும் என்றேன். இது எனக்கே தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

“அப்போ கண்ணாடிக்குள்ள தெரியறதுதான் மரம். சார், இந்தக் கீறல் ஒட்டுற மாதிரி உங்க மரம் எப்படி அடுக்கி இருந்திருக்கணும், நீங்களே பாத்துச் சொல்லுங்க. இடதுல முதல்ல என்ன இருக்கு?”

ஸ்டக்கி குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். இடது ஓரத்தில் பி நின்றது. அப்புறம் ஓ, அப்புறம் ‘என்’. எம் கடைசியில்.

“பெட்டியில எம் முதல்ல, கண்ணாடியில பி முதல்ல. உங்க கொள்ளுத்தாத்தா ஏபிசிடிய வலதுலேருந்து இடதாப் படிச்சாரா?” என்றாள் ஒடெஸ்ஸா. “மரத்துல விழுந்த கீறலா இருந்தா, அச்சுல திரும்பிடும். எம்முக்குப் பக்கத்துல ‘என்’ எழுத்த வெச்சா ஒட்டாது. இது ஒட்டுது. ஏன்னா இது நேரா எழுதின தாள் மேல விழுந்த கீறல்.”

ஸ்டக்கி மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அச்சகத்தில் மிஞ்சிய வெற்றுத் தாளில், கொள்ளுத்தாத்தாவின் இயந்திரத்திலேயே, லோர்னாவின் கணினி எழுத்தை வாங்கி அச்சுத்தகடு செய்து அடித்தது என்று அவர் வாயாலேயே வந்தது. எந்தக் கெஞ்சலும் இல்லாமல் சொன்னார். “அவரு ஆயுசு பூரா ஊருக்கே போஸ்டர் அடிச்சாரு. ஒண்ணுலயும் அவரு பேரு இல்ல. ஒரு தடவ திரையில வரட்டும்னு ஆசைப்பட்டேன்.” லோர்னா அவரைத் திரும்பிப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர் திட்டவில்லை.

இங்கே அத்தியாயத்தை முடித்திருக்கலாம். ஆனால் ராஸ்க் அம்மா கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு லோர்னாவிடம் திரும்பினார். “கீறல் உங்க தாள்லதான் விழுந்திருக்கு, சரி. ஆனா ஊசிக் கீறல் ஒவ்வொண்ணும் உங்க கையால போட்டதுன்னு எல்லா இடத்துலயும் சொல்லியிருக்கீங்க. நாலு எழுத்தையும் ஒரே வீச்சுல, மூணு கோடா, ஊசியால எப்படி இழுத்தீங்க?”

லோர்னா காலையில் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தது போலவே தரையைப் பார்த்தார். குழியிலிருந்து வெளியே வந்தவரை நாமே மறுபடி உள்ளே தள்ளிவிட்டோமோ என்று பயந்தேன்.

“மன்னிச்சுக்குங்க லோர்னா” என்று சொல்லிவிட்டு, ஒடெஸ்ஸா என் வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டுத் துணியைப் பிரித்து, மேசை மேல் அந்த நாலு எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு. ஓவின் வயிற்றில் இரண்டு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு. இந்த வழக்கில் நான் கொண்டுவந்த ஒரே தடயம் என் தோலில் இருந்தது. காலையிலிருந்து அதைக் கட்டுப் போட்டு மறைத்து வைத்திருந்ததும் நான்தான்.

“யாரு இது?” என்றார் ராஸ்க் அம்மா.

“பிரெட்ஸல்” என்றார் லோர்னா. “என் பூனை.”

ஒரு தடவை சொல்லிவிட்டதும் மிச்சம் தானாக வந்தது. மூன்றாவது தாளில் மை காய்வதற்குள் பூனை குதித்துவிட்டது. அழுதபடி அதை வெளியே விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தன் ஊசி மாதக்கணக்கில் செய்ய முடியாததை அது ஒரு நொடியில் செய்திருந்தது. தாளைக் கணினியில் ஏற்றிவிட்டு, ஓரத்தில் பாதத் தடம் இருந்ததால் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டார். தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை. அப்புறம் எழுத்துரு செய்கிறவர்கள் கூடும் மாநாட்டில் பரிசு கொடுத்தார்கள்.

“அந்தக் கீறல்ல என் துக்கம் இருக்குன்னு மேடையில சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அதுக்கப்புறம் எப்படிங்க பூனைன்னு சொல்றது?”

ராஸ்க் அம்மா ஓ துண்டைக் கையில் எடுத்தார். “நாங்க இத எடுத்ததே இந்த ஓவுக்காகத்தான்.”

“தெரியும். மத்தது எல்லாம் நான் கீறினது. அத யாரும் ஒரு நாளும் கேக்கல” என்றார் லோர்னா. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ரத்தக் காட்டேரி தன் துடைக்கும் காகிதத்தை நீட்டினார்.

ராஸ்க் அம்மா அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எங்க வீட்டுலயும் ஒரு பூனை இருக்கு. சோபா பூரா கீறி வெச்சிருக்கு. அத யாரும் நின்னு படிக்கறதில்ல” என்றார். “இவ்வளவு ஒல்லி எழுத்து, இவ்வளவு அடி வாங்கியும் ஓன்னு தெரியுதே. அடி வாங்கறதுக்கு முன்னாடி இத நிக்க வெச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்போ திரையில உங்க பேருதான். ஆனா பூனைய இனிமே மறைக்காதீங்க.” மிச்ச டோநட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஸ்டக்கியிடம் இன்னொன்று கேட்டார். ஸ்டக்கி புதிய காகிதம் விரிக்கப் போய், கை நின்று, வெறும் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் லோர்னாவின் சமையலறையில் ராஸ்க் அம்மா பிரெட்ஸலைப் படம் எடுக்க வேண்டும் என்றார். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் நடந்தது ஒரு தவறான புரிதல், மிருகங்களுக்கு என்னை உள்ளூரப் பிடிக்கும் என்று நான் இடது கையை நீட்டினேன்.

இரண்டு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு. கையெழுத்து மாறவில்லை.